நடுவர் நாற்காலியும் வங்குரோத்தும்

நீதிமன்றச் செய்திகள் எழுதிய நாட்களில், நடுத்தீர்ப்பாளர் விலகினால் நீதிமன்றம் வேறொருவரை அமர்த்தும், வழக்குத் தொடரும் என்றே எண்ணியிருந்தேன். இந்தியச் சட்ட வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்தியது.

1940ஆம் ஆண்டுச் சட்டம் நடுத்தீர்ப்பாளரை நீக்கவும் மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமளித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, முன்னவரை நியமித்த முறையிலேயே மாற்றாளரையும் நியமிக்கச் சொன்னது. அம்முறை பலிக்காவிடின் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் 2016ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டக்கோவையின்படி, மனு ஏற்கப்பட்டுத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டதும் கம்பனிக்கு எதிரான நடுத்தீர்ப்பே நின்றுவிடும். நாற்காலியை நிரப்பியும் பயனில்லை.

நிலுவைக்குக் காத்திருக்கும் சிறு ஒப்பந்தகாரர், கடன்கொடுத்தோர் வரிசையில் தம் கோரிக்கையைப் பதிய வேண்டும். மீட்புத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டபின், அதில் இடம்பெறாத கோரிக்கை அற்றுப்போகும் என 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய நடுவரைத் தேடுமுன் அவர் நாட்காட்டியைப் பார்ப்பது நன்று.