பீட் கூட்டம் (சிகாகோ)

பீட் கூட்டம் என்பது அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு ரோந்துப் பகுதியில் குடியிருப்போரும் அங்குப் பணிபுரியும் காவலர்களும் ஒன்றாக அமர்ந்து, அப்பகுதியின் குற்றங்களையும் அன்றாடத் தொல்லைகளையும் பேசித் தீர்வு தேடும் பொதுக்கூட்டம். ஒரு காவலரோ காவலர் குழுவோ பொறுப்பேற்கும் சிறு வட்டாரத்துக்குப் ‘பீட்’ என்று பெயர். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களிலும் வழங்கும் சொல் இது. சிகாகோ காவல்துறை 1993இல் தொடங்கிய ‘சிகாகோ மாற்றுக் காவல் உத்தி’ என்னும் திட்டத்தின் அடித்தளமாக இக்கூட்டங்கள் அமைந்தன. திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதைக் ‘கேப்ஸ்’ என்கின்றனர்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நகரங்களில் காவல் பணி, ரோந்துக் காரையும் வானொலியையும் 911 என்னும் அவசர அழைப்பையும் நம்பியிருந்தது. அழைப்பு வந்தால் கார் விரையும். வேலை முடிந்ததும் அடுத்த அழைப்புக்குப் போய்விடும். தெருவில் இருப்பவர் யார், அங்கே மீண்டும் மீண்டும் தலைதூக்கும் பிரச்சினை எது என்பதைக் காவலர் அறிய வாய்ப்புக் குறைவு. 1992இல் சிகாகோவில் 900க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. மேயர் ரிச்சர்டு எம். டேலி, காவல்துறைத் தலைவர் மேட் ரோட்ரிகஸ் ஆகியோர் காலத்தில், 1993 ஏப்ரலில், ஐந்து காவல் மாவட்டங்களில் கேப்ஸ் சோதனை முறையில் தொடங்கியது. இங்கிள்வுட், மார்க்கெட், ஆஸ்டின், மார்கன் பார்க், ரோஜர்ஸ் பார்க் என்பவை அவை. அடுத்த ஈராண்டுகளில் திட்டம் நகர் முழுவதற்கும் விரிந்தது.

அமைப்பு

அப்போது நகரம் 25 காவல் மாவட்டங்களாகவும் 279 பீட்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பீட்டில் சராசரியாகப் பத்தாயிரம் பேர் வாழ்ந்தனர். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு சார்ஜெண்டின் கீழ் ஏறத்தாழ ஒன்பது காவலர்கள் ஒதுக்கப்பட்டனர். அவர்கள் தம் வட்டாரத்தை விட்டு அகலாதிருக்க, தொலைவிலிருந்து வரும் அவசர அழைப்புகளை வேறு விரைவுப் படையினர் ஏற்றனர்.

கூட்டங்கள் பெரும்பாலும் மாதம் ஒரு முறை மாலையில், தேவாலயத்தின் கீழ்த்தளம், பூங்காக் கட்டடம், நூலகம், பள்ளி போன்ற பொது இடங்களில் நடந்தன. உறுப்பினர் பதிவு கிடையாது; வருபவர் யாரும் பேசலாம். குடியிருப்போருள் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து, சார்ஜெண்டுடன் சேர்ந்து கூட்டத்தை நடத்துவது வழக்கம்.

நடைமுறை

கூட்டத்தின் தொடக்கத்தில் காவலர்கள் அண்மைக் குற்றங்களின் பட்டியலையோ வரைபடத்தையோ வைத்து விளக்குவர். பிறகு சென்ற மாதம் எழுந்த புகார்கள் என்னவாயின என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாகப் புதிய புகார்கள் பேசப்படும். இவற்றுள் இரண்டாவது கட்டமே கூட்டத்தின் உயிர். போன மாதம் சொன்னதற்கு இந்த மாதம் பதில் இல்லை என்றால், அடுத்த மாதம் நாற்காலிகள் காலியாகும்.

புகார்களில் பெருங்குற்றங்களைவிடத் தெருமுனைப் போதை விற்பனை, பாழடைந்து கிடக்கும் வீடுகள், கைவிடப்பட்ட கார்கள், இரவு இரைச்சல், எரியாத தெருவிளக்கு போன்றவை மிகுதி. இவற்றில் பலவும் காவல்துறையின் கையில் இல்லாதவை என்பதால், பீட்டிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு நகராட்சித் துறைகள் முன்னுரிமை தர வேண்டும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. குப்பை அகற்றுதல், சுவர்க் கிறுக்கல்களை அழித்தல், பாழ்வீடுகளை இடித்தல் ஆகியவை இவ்வழியில் நடந்தன.

குடியிருப்போருக்கும் வேலை உண்டு. பிரச்சினையைக் கண்டறிவது, குற்றவாளி, பாதிக்கப்படுபவர், இடம் என்ற முக்கோணத்தில் வைத்து அலசுவது, திட்டமிடுவது, செயல்படுத்துவது, விளைவை மதிப்பிடுவது என ஐந்து படிகளில் காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. போதை விற்பனை நடக்கும் தெருமுனையில் அண்டை வீட்டார் மாலைதோறும் கூடி நிற்பது, குறிப்பிட்ட வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் நீதிமன்றத்துக்குத் திரண்டு செல்வது போன்ற முறைகளைச் சில வட்டாரத்தார் கையாண்டனர்.

பங்கேற்பாளர்கள்

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஸ்கோகன் தலைமையில் ஆய்வாளர்கள் இத்திட்டத்தைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். கூட்டத்துக்குச் சராசரியாக 20 முதல் 25 பேர் வந்தனர். குற்றம் மிகுந்த, கறுப்பின மக்கள் வாழும் வட்டாரங்களில் வருகை கூடுதலாக இருந்தது. வசதி படைத்தோர் மட்டுமே இத்தகைய அமைப்புகளில் பங்கேற்பர் என்ற எதிர்பார்ப்புக்கு இது மாறானது. ஆனால் ஒரு வட்டாரத்துக்குள் பார்த்தால் வயதில் மூத்தோரும் சொந்த வீடு உடையோருமே முன்னின்றனர். இளைஞரும் வாடகைக்குக் குடியிருப்போரும் குறைவு. ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளின் பங்கேற்பு தொடர்ந்து பின்தங்கியது.

மதிப்பீடு

1998 அளவில் நகரின் வயதுவந்தோரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் கேப்ஸ் பற்றி அறிந்திருந்தனர். கறுப்பின மக்களின் வட்டாரங்களில் அச்சமும் சீர்கேடும் குறைந்தன. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளின் வட்டாரங்களில் முன்னேற்றம் சொற்பம். அதே ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் குற்றங்கள் குறைந்ததால், சிகாகோவின் சரிவில் கேப்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்க்கன் ஃபங் இக்கூட்டங்களை மக்கள் நேரடியாக ஆளுகையில் பங்குபெறும் முறைக்கு முக்கியமான எடுத்துக்காட்டாக ஆராய்ந்தார்.

குறைகளும் சுட்டப்பட்டன. பல கூட்டங்களில் காவலர் பேச மக்கள் கேட்டுக்கொண்டிருப்பதாகவே நிகழ்ச்சி முடிந்தது. தெருவில் நிற்கும் இளைஞர்கள் அடிக்கடி புகாருக்கு உள்ளாயினர். பதில் சொல்ல அவர்கள் அங்கு இருப்பதில்லை. காவலரின் அத்துமீறல் பற்றிய முறையீட்டை அதே காவலர் முன்னிலையில் எழுப்புவது எளிதன்று.

பிற்கால நிலை

2000க்குப் பின் நிதியும் ஆள்பலமும் குறையத் திட்டம் தளர்ந்தது. 2012இல் காவல் மாவட்டங்கள் 22ஆகச் சுருக்கப்பட்டன. லக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயது இளைஞர் 2014இல் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் விசாரணை நடத்தியது. 2017 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, சமூகக் காவல் முயற்சிகள் நலிந்துவிட்டதையும் குறிப்பிட்டது.

2021 ஜூலையில் நகரமன்றம் காவல் மாவட்டந்தோறும் ஒரு மக்கள் மன்றம் அமைக்கும் புதிய சட்டம் இயற்றியது. அதன்படி 2023 பிப்ரவரி 28இல், மாவட்டத்துக்கு மூவர் வீதம் 66 பேரை இம்மன்றங்களுக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். இம்மாவட்ட மன்றங்களும் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கின்றன. பீட் கூட்டங்கள் இவற்றுடன் சேர்ந்து தொடர்கின்றன. அவற்றில் பேசத் தேர்தலும் பதவியும் தேவையில்லை.