ஓகே

சம்மதம், ஏற்பு, ‘ஆட்சேபம் இல்லை’ ஆகிய பொருள்களில் உலகமெங்கும் புழங்கும் ஆங்கிலச் சொல். பிறந்த இடம் அமெரிக்காவின் பாஸ்டன். பிறப்புக்குக் காரணம் ஒரு கேலி. ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’டை வேண்டுமென்றே ‘ஓல் கொரெக்ட்’ என்று பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் அது அச்சேறியது. இப்படிச் சுருக்கி எழுதுவது அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கு அப்போது ஒரு மோகம். கூடப் பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின.

இதைக் காப்பாற்றியது தேர்தல். 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன், கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்ற அவருடைய பட்டப்பெயருக்கும் அதே இரண்டு முதலெழுத்துகள்தான். ஆதரவாளர்கள் ‘ஓகே’ மன்றங்களே தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனார், சொல் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்ற கதையும் நெடுநாள் உலவியது. 1960களில் மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைப் புரட்டி பாஸ்டன் மூலத்தை நிறுவினார்.

தமிழில் இந்த வேலைக்கு ஆளில்லாமல் இல்லை. ‘சரி’ உண்டு, ‘ஆகட்டும்’ உண்டு, யாழ்ப்பாணத்தாருக்கு ‘ஓம்’ உண்டு. காமராசரின் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ முழுச் சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல. ஓகேவும் பல நேரம் அந்த ரகம்தான். இருந்தும் ‘ஓகே பண்ணு’, ‘டபுள் ஓகே’ என்று அது நம் வாக்கியங்களில் உட்கார்ந்துகொண்டது. ‘ஓகேவா?’ என்னும்போது நடுவில் வருகிற வகரம் நன்னூல் சொல்லும் உடம்படுமெய். உடம்படுதல் என்றாலே உடன்படுதல்தானே!

வாயால் சொல்லாத சம்மதமும் நம்மிடம் உண்டு. தமிழகத்து மாட்டுச் சந்தைகள் பலவற்றில் விலை வாயால் பேசப்படுவதில்லை. தரகர் துண்டுக்கடியில் கையை நீட்டுவார், விரல்களைப் பிடித்தே தொகை சொல்லப்படும். படிந்தால் அச்சாரம் கைமாறும், கயிறும் கைமாறும். ‘ஓகே ஆயிடுச்சு’ வருவது அதற்கப்புறம், வீட்டுக்குப் போன் போடும்போது.