ஷிஹான் ஹுசைனி

ஷிஹான் ஹுசைனி (இறப்பு: மார்ச் 25, 2025) தமிழகத்தில் கராத்தேயையும் நவீன வில்வித்தையையும் கற்பித்த பயிற்சியாளர், திரைப்பட நடிகர். மதுரையைச் சேர்ந்தவர். சென்னையில் வாழ்ந்து பணியாற்றினார். 'ஷிஹான்' என்பது அவரது இயற்பெயரின் பகுதி அல்ல. ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் மூத்த ஆசிரியருக்கு வழங்கப்படும் பட்டம் அது. தமிழ்ப் பார்வையாளர்கள் அதைப் பெயராகவே எடுத்துக்கொண்டனர்.

ஒகினாவா தீவில் உருவான கராத்தே, 1922-ல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவில் நிகழ்த்திய செயல்விளக்கத்துக்குப் பின் ஜப்பானில் பரவியது. இந்திய நகரங்களில் அதற்கு ஆர்வத்தைத் தூண்டியவர் புரூஸ் லீ. 'என்டர் தி டிராகன்' (1973) சீனக் குங்ஃபூவைக் காட்டிய படம்தான். அதைப் பார்த்த இளைஞர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் கராத்தே வகுப்புகளில். அந்த அலையின் தொடர்ச்சியில் வந்தவர் ஹுசைனி.

கே. பாலசந்தர் இயக்கிய 'புன்னகை மன்னன்' (1986) அவரது முதல் படம். அடுத்த ஆண்டு 'வேலைக்காரன்' படத்தில் நடித்தார். அக்காலத் தமிழ் சினிமா கராத்தே தெரிந்தவரைப் பெரும்பாலும் அடியாளாகவே பயன்படுத்தியது. ஆசிரியராகவே அவர் தோன்றி நினைவில் நின்ற படம் 'பத்ரி' (2001). அதில் விஜய்க்குப் பயிற்சி அளிப்பவராக வந்தார். 'பத்ரி', பவன் கல்யாண் நடித்த 'தம்முடு' (1999) என்னும் தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். பவன் கல்யாண் நிஜத்தில் ஹுசைனியின் மாணவர்.

சென்னையில் கராத்தே பயின்ற நாட்களை, பின்னாளில் ஆந்திரத் துணை முதல்வரான பவன் கல்யாண் தன் இரங்கல் செய்தியில் விவரித்தார். கற்றுத்தர ஹுசைனி முதலில் மறுத்திருக்கிறார். பலமுறை வேண்டிய பின்னரே ஒப்புக்கொண்டார். அதன்பின் அதிகாலையில் போய் மாலைவரை பயிற்சியிடத்திலேயே இருந்து கறுப்புப் பட்டை பெற்றதாக அவர் குறிப்பிட்டார்.

பிற்காலத்தில் ஹுசைனியின் உழைப்பு வில்வித்தைப் பக்கம் திரும்பியது. ஜார்க்கண்டைப் போலத் தொடர்ந்து வில்லாளர்களைத் தந்த மரபு தமிழகத்துக்கு இல்லை. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவிலிருந்து எய்ய வேண்டும். அதற்கான வில்லும் விலை மிக்கது. இந்நிலையில் மாநில வில்வித்தைச் சங்கத்தை உருவாக்கிப் பள்ளிப் பிள்ளைகளை அதில் சேர்த்தார். அவரது பணிகளில் வரலாற்று மதிப்பு மிக்கது இதுவே எனலாம்.

ஆனால் செய்திகளில் அவர் இடம்பெற்றது வேறு காரணங்களுக்காக. 2013-ல் உறையவைத்த குருதியால் ஜெயலலிதாவின் சிலையைச் செய்தார். 2015 பிப்ரவரியில், ஜெயலலிதா மீண்டும் முதல்வராக வேண்டுமென்று தன்னைச் சிலுவையில் ஆணியால் அறையச் செய்தார். கராத்தே கோரும் தன்னடக்கத்துக்கும் இச்செயலுக்கும் பொருத்தம் காண்பது கடினம். மாணவர்களுடன் கழிந்த பல்லாண்டுகளை இந்தச் சில நிமிடங்கள் மறைத்துவிட்டன.

2025 மார்ச்சில் தனக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் உதவி அளித்தது. மருத்துவமனையிலிருந்து பேசிய காணொளிகளில் அவரது கவலை பயிற்சியிடத்தைப் பற்றியதாக இருந்தது. அதை வாங்கிக் காக்கும்படி பவன் கல்யாணைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு ஒருவரேனும் வில்வித்தை கற்க வழிசெய்யுமாறு விஜயிடம் வேண்டினார். தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானமளிப்பதாகவும் அறிவித்தார். சில நாட்களில், 60 வயதில், சென்னையில் காலமானார்.