தோட்டா மாற்றுச் சுழல் துப்பாக்கி

தோட்டா மாற்றுச் சுழல் துப்பாக்கி என்பது, தொடக்கத்தில் கருமருந்து, ஈயக் குண்டு, வெடிமூடி ஆகியவற்றைத் தனித்தனியே இட்டுச் சுடுவதற்காகச் செய்யப்பட்டு, பின்னர் உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும்படி மாற்றியமைக்கப்பட்ட சுழல் கைத்துப்பாக்கி ஆகும். இவ்வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 1860களின் பிற்பகுதியிலும் 1870களிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உருவாயின. புதிய துப்பாக்கி வாங்குவதை விடப் பழையதை மாற்றுவது செலவு குறைந்ததாக இருந்தது இதற்கு முதன்மைக் காரணமாகும். இன்று இவை படைக்கலன்களாக அன்றித் தொன்பொருட்களாகவே மதிக்கப்படுகின்றன. ஒரே பொருளில் இரு காலங்களின் தொழில்நுட்பம் பதிந்திருப்பதால், அந்த மாற்றத்தின் தடயங்கள் எவ்வளவு கெடாமல் உள்ளன என்பதே இவற்றின் மதிப்பை முடிவு செய்கிறது.

பின்னணி

சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில், சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக மருந்தும் குண்டும் இடப்பட்டன. அறையின் பின்புறத்தில் உள்ள சிறு முலையின் மீது செம்பாலான வெடிமூடி பொருத்தப்பட்டது. தமிழகத்தில் பேச்சுவழக்கில் இதனைக் 'கேப்பு' என்பர். சுத்தி வெடிமூடியின் மீது மோதும்போது தீப்பொறி உட்சென்று மருந்தைப் பற்றவைக்கும். இம்முறையில் ஐந்து அல்லது ஆறு அறைகளையும் மீண்டும் நிரப்பச் சில நிமிடங்கள் ஆகும். மழையில் மருந்து நனைந்துபோவதும் உண்டு.

குண்டு, மருந்து, வெடிப்பான் ஆகிய மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடக்கிய தோட்டா இக்குறைகளை நீக்கியது. ஆனால் தோட்டாவைப் பின்புறமாக இடுவதற்கு, உருளையின் அறைகள் இருபுறமும் திறந்த துளைகளாக இருத்தல் வேண்டும்.

அமெரிக்க மாற்றுத் துப்பாக்கிகள்

முழுதும் துளையிட்ட உருளைக்கான காப்புரிமையை ரோலின் வைட் என்பவர் 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று பெற்றார். அதனைப் பயன்படுத்தும் தனியுரிமையை ஸ்மித் அண்ட் வெஸ்சன் நிறுவனம் பெற்றது. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வைட்டுக்கு 25 சென்ட் உரிமத்தொகை வழங்கியது. இதனால் கோல்ட் உள்ளிட்ட பிற நிறுவனங்கள் 1869ஆம் ஆண்டில் அக்காப்புரிமை முடியும் வரை இத்தகைய உருளையைச் செய்ய இயலவில்லை. மாற்றுத் துப்பாக்கிகள் தோன்றிய காலத்தையும் அவற்றின் வடிவ வேறுபாடுகளையும் புரிந்துகொள்ள இத்தடை முக்கியமானது.

* ரெமிங்டன் மாற்று (1868): ஸ்மித் அண்ட் வெஸ்சன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. ஆறு அறைகள் கொண்ட படைத்துறைத் துப்பாக்கி, 0.46 அங்குல விளிம்படித் தோட்டாவுக்கான ஐந்து அறை உருளையைப் பெற்றது.
* தூயர் மாற்று (1868): கோல்ட் நிறுவனத்தின் அலெக்சாண்டர் தூயர் உருவாக்கியது. வைட்டின் காப்புரிமையைத் தவிர்க்க, கூம்பு வடிவத் தோட்டா உருளையின் முன்புறமாகவே இடப்பட்டது.
* ரிச்சர்ட்சு மாற்று (1871): சார்லசு ரிச்சர்ட்சின் காப்புரிமைப்படி, கோல்ட் 1860 படைத்துறைத் துப்பாக்கியின் உருளைப் பின்பகுதி வெட்டப்பட்டு, அவ்விடத்தில் ஒரு வளையத் தகடு பொருத்தப்பட்டது. தோட்டாவைத் தாக்கும் ஊசி அத்தகட்டில் இருந்தது.
* ரிச்சர்ட்சு-மேசன் மாற்று (1872): வில்லியம் மேசன் இதனை எளிமையாக்கினார். தாக்கும் ஊசி சுத்தியிலேயே அமைந்தது.

1873ஆம் ஆண்டு கோல்ட் நிறுவனம் தோட்டாவுக்கென்றே வடிவமைத்த புதிய படைத்துறைத் துப்பாக்கியை வெளியிட்டது. அதன்பின்னும் கையிருப்பில் இருந்த பழைய உறுப்புகள் தீரும் வரை மாற்றுத் துப்பாக்கிகள் சில ஆண்டுகள் விற்கப்பட்டன.

பிரித்தானிய மாற்றும் இந்தியாவும்

வைட்டின் காப்புரிமை அமெரிக்காவுக்கே உரியது. பிரித்தானியப் படை 1856ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட போமான்ட்-ஆடம்சு சுழல் துப்பாக்கி, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இந்தியாவில் பிரித்தானிய அதிகாரிகளால் பயன்படுத்தப்பட்டது. 1868ஆம் ஆண்டு முதல் ஜான் ஆடம்சின் முறைப்படி இத்துப்பாக்கிகள் புதிய உருளை, தோட்டா இடும் பக்கக் கதவு, வெற்றுக் கூட்டைத் தள்ளும் கோல் ஆகியவற்றைப் பெற்று, 0.450 அங்குலத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டன. இவை ஆடம்சு முதலாம் குறி எனப்பட்டன. 1880ஆம் ஆண்டு என்ஃபீல்டு சுழல் துப்பாக்கி இவற்றின் இடத்தைப் பிடித்தது.

இதே கருத்து நீள் துப்பாக்கிகளிலும் செயற்படுத்தப்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படும் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா, 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. அத்துப்பாக்கியின் குழற் பின்பகுதியை வெட்டிக் கீல் வைத்த அடைப்பைப் பொருத்தியதே, 1866இல் ஏற்கப்பட்ட சினைடர்-என்ஃபீல்டு ஆகும். பின்னாளில் இது இந்தியப் படைப்பிரிவுகளுக்கும் வழங்கப்பட்டது. எனவே இந்தியாவில் தோட்டா மாற்றுத் துப்பாக்கியைக் காண விரும்புவோர், அமெரிக்கக் கோல்ட் வகையை விட ஆடம்சு, சினைடர் வகைகளையே எதிர்பார்க்கலாம்.

தென் தமிழகத்தில் குடிமக்களிடம் பழைய துப்பாக்கிகள் அரிதாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் போரின் முடிவில், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை தென்பகுதியில் படைக்கலன் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் 1878ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம், இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என விதித்து, ஐரோப்பியர்களுக்குப் பெருமளவு விலக்களித்தது. மாற்றுத் துப்பாக்கிகள் புழக்கத்தில் இருந்த காலமும் இச்சட்டம் வந்த காலமும் ஒன்றே.

நிலை மதிப்பீடு

சேகரிப்பாளர்கள் ஒரு பழந்துப்பாக்கியின் நிலையைச் சொற்களால் தரப்படுத்துகின்றனர். அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொன்மைத் துப்பாக்கிகளுக்கென வகுத்த தரவரிசை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதன்படி, எல்லா உறுப்புகளும் மூலமானவையாகவும் முதற் பூச்சில் 80 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியும் இருப்பது 'மிகச் சிறந்தது'. பூச்சு 30 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருப்பது 'சிறந்தது'. பூச்சு 30 விழுக்காடு வரை இருந்தாலும், அறவே இல்லாவிடினும், உறுப்புகள் மூலமானவையாக இருந்தால் 'மிக நன்று' எனக் கொள்ளப்படும். சிறு உறுப்புகள் மாற்றப்பட்டோ மீண்டும் பூச்சிடப்பட்டோ இருந்தால் தரம் அதற்கும் கீழே இறங்கும்.

'மூலம்' என்ற சொல் மாற்றுத் துப்பாக்கியில் தனிப்பொருள் பெறுகிறது. தொழிற்சாலையில் மாற்றம் செய்யப்பட்டபோது சேர்க்கப்பட்ட உறுப்பு, இவ்வகையைப் பொறுத்தவரை மூல உறுப்பே ஆகும். மதிப்பீட்டின்போது பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

* வரிசை எண்கள்: குழல், சட்டம், உருளை, விசைக் காப்பு ஆகியவற்றில் உள்ள எண்கள் ஒத்திருத்தல். ஐக்கிய அமெரிக்கப் படைக்காக மாற்றப்பட்ட ரிச்சர்ட்சு துப்பாக்கிகள் சிலவற்றில், பழைய எண்ணுடன் மாற்றத்தின்போது இட்ட இரண்டாவது எண்ணும் காணப்படும். எண் வேறுபாடு எப்போதும் குறையன்று.
* கருவித் தடயங்கள்: உருளை வெட்டப்பட்ட இடம், பக்கக் கதவுக்காகச் சட்டம் குடையப்பட்ட இடம் ஆகியவற்றின் சீர்மை. தொழிற்சாலை வேலையையும் உள்ளூர்க் கொல்லர் வேலையையும் பிரித்தறிய இவை உதவும்.
* முத்திரைகளும் செதுக்குகளும்: விளிம்பு கூர்மையாக உள்ளதா, தேய்த்ததால் மழுங்கியுள்ளதா என்பது.
* திருகாணிகள்: தலைப்பள்ளம் சிதைந்திருப்பின் பலமுறை கழற்றப்பட்டது எனக் கொள்ளலாம்.
* இயக்கம்: உருளையின் ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக நின்று பூட்டுதல்.
* மரப்பிடி: விரிசல், சுருக்கம், ஆய்வாளர் முத்திரை.

துலக்குதலும் இழப்பும்

பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக மாறிய உலோக மேற்பரப்பு அழுக்கன்று. அது காலத்தின் பதிவாகும். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி, எலுமிச்சை கொண்டு தேய்த்தால் அமிலம் அம்மேற்பரப்பைக் கரைத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் முத்திரைகளும் வெட்டுத் தடயங்களும் அழியும். புதிய கருநீலப் பூச்சு கண்ணுக்கு அழகாகத் தோன்றினும், துப்பாக்கி எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பதற்கான சான்று அதனடியில் மறைந்துவிடுகிறது. துரு மேலும் பரவாமல் நிறுத்துவது பாதுகாப்பு. புதியது போல ஆக்குவது சிதைப்பு என்பதே அருங்காட்சியகத் துறையின் பொதுக் கொள்கை.

கடற்கரைப் பகுதிகளில் பேணுதல்

இரும்புப் பொருட்களுக்கு ஈரப்பதத்தை விடப் பெரும் பகை, ஈரத்துடன் சேரும் குளோரைடு உப்பாகும். வெடிமூடியில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்தபின் குளோரைடாக எஞ்சுகிறது. சரியாகக் கழுவப்படாத துப்பாக்கியின் குழலிலும் அறைகளிலும் இது தங்கி, ஈரத்தை ஈர்த்துக் குழித்துருவை உண்டாக்கும். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடிக் கடற்கரையில் காற்றும் இதே உப்பைச் சுமந்து வருகிறது. வியர்வை படிந்த விரல்களும் அதையே விட்டுச் செல்கின்றன.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் போன்ற ஊர்களில் வெள்ளமும் ஓர் இடராகும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில், அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்ட்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. ஏரல் வெள்ளத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நீரில் மூழ்கிய வாள், பூட்டு, துப்பாக்கி முதலிய பழைய இரும்புப் பொருட்களைச் சேற்றுடன் காயவிட்டால் துரு விரைந்து பரவும். தூய நீரால் மெல்லக் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவதே ஏற்றது. மரப்பிடியை வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

நாட்பட வைக்கும்போது பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

* சிலிக்கா செல் இட்ட மூடிய பெட்டியில், சார்பு ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் குறைவாக வைத்தல்.
* கையுறை அணிந்தே தொடுதல்.
* மேற்பரப்பில் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசுதல். தாவர எண்ணெய்கள் பல நாளடைவில் பிசினாகிக் கெடுதல் செய்யும்.
* தோலுறையைத் தனியே வைத்தல். தோல் பதனிடப் பயன்பட்ட பொருட்கள் உலோகத்தை அரிக்கும்.

பழந்துப்பாக்கி எதுவாயினும் அதில் மருந்து இருப்பதாகவே கருதுதல் வேண்டும். கருமருந்து பல்லாண்டுகள் கழிந்தும், நனைந்து உலர்ந்த பின்னும் எரியக்கூடியது. எனவே உள்ளே பார்ப்பதற்காக விசையை இழுப்பதோ, குழலைச் சூடாக்குவதோ கூடாது. பழைய உலோகம் இக்கால மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது என்பதால், இவற்றைச் சுட்டுப் பார்ப்பதும் இடருடையது.

போலிகள்

1950களின் பிற்பகுதி முதல் இத்தாலியில் பழைய கோல்ட், ரெமிங்டன் வடிவங்களின் நகல்கள் செய்யப்படுகின்றன. இவற்றின் முத்திரைகளைத் தேய்த்து, அமிலத்தால் பழமை ஏற்றி, மூலம் என விற்பதுண்டு. இத்தாலியச் சோதனை முத்திரையின் எச்சம், அளவுக்கு மீறிய சீரான துரு, எழுத்துகள் மழுங்கியிருக்கப் பக்கத்துத் திருகாணி மட்டும் கூர்மையாக இருத்தல் ஆகியன ஐயத்துக்கு இடமளிக்கும். மூலமான வெடிமூடித் துப்பாக்கியை அண்மைக் காலத்தில் தோட்டாவுக்கு மாற்றி, அக்கால மாற்று எனக் காட்டுவதும் ஒரு மோசடி ஆகும். இதனால் மூலப்பொருளே அழிகிறது.

இந்தியாவில் சட்ட நிலை

தொன்மையானது என்பதால் மட்டுமே ஒரு துப்பாக்கி சட்டத்திற்கு அப்பாற்பட்டதாகாது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள துப்பாக்கிக்கு விலக்களிக்கிறது. ஆயினும் பழுது நீக்கினாலும் நீக்காவிடினும் அது சுடப் பயன்படாததாக இருத்தல் வேண்டும். தோட்டா மாற்றுத் துப்பாக்கி பலவேளைகளில் சிறு பழுதுபார்ப்பில் இயங்கக்கூடியது. எனவே துருப்பிடித்திருப்பது மட்டும் இவ்விலக்குக்குப் போதாது.

2020 பிப்ரவரியில் படைக்கல விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு படைக்கலன்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். குறித்த ஒரு துப்பாக்கி அவ்வகையில் அடங்குமா என்பதை உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பானது. தமிழக மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரே இவ்வதிகாரி ஆவார். உரிமையாளர் இறந்தாலோ உரிமம் முடிந்தாலோ, துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க 21ஆம் பிரிவு வழிசெய்கிறது.

நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டமும் இதற்குப் பொருந்தும். அச்சட்டப்படி தனியார் தொல்பொருட்களை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய இயலாது. ஐக்கிய அமெரிக்காவிலோ 1898ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் செய்யப்பட்டவை 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி தொன்மைப் பொருட்கள் எனக் கருதப்படுகின்றன. அங்குச் சேகரிப்பு பெருகியிருப்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

அருங்காட்சியகங்கள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலத் தொகுப்பில், தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த படைக்கலன்கள் உள்ளன. 1930களிலேயே உலோகப் பொருட்களை வேதியியல் முறையில் பாதுகாக்கும் பணி இங்குத் தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், ஐதராபாத்து சாலார் சங் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் பழைய துப்பாக்கிகளைக் காணலாம். வீட்டில் கிடைத்த பழந்துப்பாக்கி பழைய இரும்பாக உருக்கப்பட்டால் அதன் வரலாறும் உடன் அழிகிறது. உரிய அதிகாரிக்குத் தெரிவித்து, துலக்காமல் உள்ளவாறே ஒப்படைத்தால் அது ஆய்வுக்குரிய சான்றாக நிலைக்க இடமுண்டு.

இவற்றையும் பார்க்க

* சுழல் துப்பாக்கி
* சினைடர்-என்ஃபீல்டு
* கருமருந்து
* பாளையக்காரர் போர்கள்