பங்குனி மண்ணும் மைக் கடியும்

"மைக் கடிக்குது"ன்னு சொன்னா பட்டணத்து நண்பர்கள் சிரிப்பீங்க. கோவில்பட்டிச் சுத்துப்பட்டில் அது சாதாரணப் பேச்சு. ஆனால் ரேடியோ செட்டு வந்த காலத்தில் இந்தக் கடி இல்லை. கரண்ட் வந்த பிறகுதான் வந்தது.

1930களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு பம்பாயிலிருந்து மோட்வானே கம்பெனியின் 'சிகாகோ ரேடியோ' மைக் போனது. கரண்ட் இல்லாத ஊர்களில் ஆம்ப்ளிஃபையர் கார் பேட்டரியில் ஓடியது. உள்ளே வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் இருந்தாலும் அந்தச் சுற்றுக்கு மண்ணோடு சம்பந்தம் கிடையாது. மைக் பிடிச்சவர் தப்பிச்சார்.

1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. 1957ல் மின்சார வாரியம் உருவானது. காமராஜர் காலத்தில் கம்பி கிராமம் கிராமமாக நீண்டது. இந்த லைனில் நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மர் அடியிலேயே மண்ணில் இறக்கியிருப்பாங்க. செட்டுப் பெட்டியில் கரண்ட் கசிந்தால், தரையில் நிக்கிற ஆள்தான் அதுக்குப் பாலம்.

1986 பங்குனி. எங்க ஊர் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு. "தம்பி, உதட்டுல சுருக்குங்குது" என்றார் பாட்டுக்காரர். "பின்னைத் திருப்பிப் போடுறா" என்றார் செட்டுக்கார அண்ணன். ரெண்டு கால் பின். திருப்பிப் போட்டா சில செட்டில் கடி குறையும். குறையலை. 60 வாட் குண்டு பல்பு எடுத்து, ஒரு வயரைப் பெட்டியிலும் இன்னொன்றை எர்த் கம்பியிலும் வைத்தார். எரியலை. "லேசான கசிவுதான்ணே, பாடுங்க."

எங்க அப்பா கம்பியைக் குனிஞ்சு பார்த்தார். "ஏலே, இது வெடிப்புக்குள்ள தொங்குதுல்லா!" ஒரு குடம் உப்புத் தண்ணியை ஊத்தச் சொன்னார். மண் குடிச்சு முடிச்சதும் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. உடனே பின்னைப் பிடுங்கினோம். பெட்டியைத் திறந்தால், டிரான்ஸ்ஃபார்மர் சுத்துக் கம்பி கருகி இரும்பைத் தொட்டுக்கிட்டு இருந்தது. கசிவில்லை, முழு 230 வோல்ட். பாட்டுக்காரரைக் காப்பாத்தினது அவர் உக்காந்திருந்த காஞ்ச மரப்பலகை. இடைவேளைக்கு மைக்கோட ஈரத்தரையில் இறங்கியிருந்தால்?

கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிக் கம்பியைக் கவ்விக்கும். அப்போ அதைப்போல நல்ல எர்த் கிடையாது. வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமா வெடித்துக் கம்பியைக் கைவிட்டுரும். எங்க கொடைகளும், கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் பங்குனித் திருவிழாவும் சரியா அந்தக் காலத்தில்தான் வருது. மழைக்காலத்தில் சோதிச்ச எர்த்தைத் திருவிழாவுக்கு நம்பக்கூடாது.

இப்போ மூணு கால் பின் இருக்கு; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டுற ஆர்.சி.சி.பி. இருக்கு. ஆனாலும் எர்த் காலை ஒடிச்சுட்டுச் சொருகுற பழக்கம் போகலை. நான் கொடைக்குக் கொட்டு அடிக்குமுன்னே கம்பியடியில் ஒரு குடம் ஊத்திருவேன். அப்பா இருந்தவரை அது அவர் வேலை.