மத்தளம் வாவியைக் கடந்த கதை

இசைக்குழு வைத்திருக்கிற எந்தப் பொடியனைக் கேட்டாலும் பெரிய தலையிடி பாட்டு இல்லை, ஸ்பீக்கர் பெட்டியை எதில ஏத்துறது எண்டதுதான். சொந்தமா ஒரு வான் இல்லாட்டி வந்த காசு வாடகைக்கே போயிரும்.

பழைய கூத்துக்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. விடிய விடிய ஆடுற வடமோடிக்கு வாத்தியம் எண்டு இருந்தது மத்தளமும் சல்லரியும். அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில கட்டிக்கொண்டு வட்டக்களரிக்குள்ளேயே நிண்டு அடிப்பார். சுத்திவரச் சனம், தொண்டையே போதும். பாரமெண்டா கரப்புடுப்பும் முடியும்தான்.

எங்கட நிலமும் அப்படி. வாவி எழுவான்கரை, படுவான்கரை எண்டு பிரிச்சு வச்சிருக்கு. கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது, ரயில் 1928 இல். மண்முனைக்குப் பாலம் வர 2014 ஆயிற்று! அதுவரைக்கும் ‘பாதை’தான். (வெளியூர் ஆக்களுக்கு: பாதை எண்டா இங்க ரோட்டு இல்லை, ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கரைசேர்க்கிற மிதவை.) தோளில தூக்கேலாத சாமானோடு கூத்து வளர்ந்திருந்தால் அது இவ்வளவு ஊருக்குப் பரவியிருக்குமா எண்டு எனக்குச் சந்தேகம்.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுபோனார். 1962 இல் ‘கர்ணன் போர்’, மறுகா ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’. இரவு முழுக்க நடந்ததைச் சுருக்கினது சரியா பிழையா எண்டு இன்னும் வாதாடுறாங்க. எனக்குப் படுறது வேற: சுருங்கினதாலதான் அது ஊர் ஊராப் பயணிக்க முடிஞ்சது. ஆனா பார்வையாளர் ஒரே பக்கம் இருக்கிற மண்டபத்தில குரல் கடைசி வரிசைக்குப் போகவேணும். அதுக்கு மைக். மைக்குக்கு அம்பிளிபயர், பெட்டி, ஜெனரேட்டர். இதெல்லாம் தோளில போகாது.

வாகனத்தை நம்பினால் என்ன நடக்கும் எண்டு 2022 காட்டிச்சு. கியூஆர் கோட்டா தொடங்கினபோது கிழமைக்கு வானுக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. பெட்டிகளை ஏத்திக்கொண்டு ஒருக்கா கல்முனை போய்வந்தா மிச்சம் எவ்வளவு? புது வானுக்கும் வழியில்லை. 2020 இல் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்தக் கிழமைகளிலயும் மத்தளத்துக்கு ஒரு சைக்கிள் கரியர் காணும்.

இப்ப ஊர்க் களரிக்கும் பெட்டி வருது. நடுவில மைக் தொங்குது. பாட்டு எடுக்கிற நேரம் ஆட்டக்காரர் அதுக்குக் கீழ வந்து நிக்கிறாங்க. முந்தி அந்த இடத்தில ஆடிக்கொண்டே பாடினவங்க.