கிரேலிஸ்டிங்

கிரேலிஸ்டிங் என்பது ஸ்பேமைக் குறைக்க மெயில் சர்வர்கள் கையாளும் ஒரு முறை. முன்பின் அறியாத இடத்திலிருந்து வரும் மின்னஞ்சலைச் சர்வர் உடனே ஏற்காது. சற்று நேரம் கழித்து வரும்படி திருப்பிவிடும். இவான் ஹாரிஸ் 2003-ல் இதை முன்வைத்தார். 2012-ல் வெளியான ஆர்எஃப்சி 6647 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதன் நடைமுறைகளைத் தொகுத்தது.

அனுப்பும் கணினியின் ஐபி எண், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய மூன்றையும் சர்வர் குறித்துக்கொள்ளும். இந்தச் சேர்க்கை புதிதென்றால் 450 அல்லது 451 என்ற தற்காலிக மறுப்பு போகும். பெரும்பாலும் கடிதத்தின் உள்ளடக்கம் வந்து சேரும் முன்பே இது நடந்துவிடுவதால் பேண்ட்வித் மிச்சம். ஒழுங்கான சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் முயலும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5321. வைரஸ் தொற்றி ஸ்பேம் கக்கிய கணினிகள் பலவும் அன்று மறுமுயற்சி செய்யவில்லை. பரவலாகப் பயன்பட்ட போஸ்ட்கிரே மென்பொருள் வழக்கமாக 300 விநாடி காக்க வைக்கும். ஏற்றுக்கொண்ட சேர்க்கையை 35 நாள் நினைவில் வைக்கும்.

அனுப்புநர் முகவரியை மட்டும் பார்த்துத் தடுப்பது தவறான வழி. 1982-ல் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821-ல் மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியை வகுத்தபோது, முகவரி உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவரின் முகவரியைப் போட்டு ஸ்பேமர் அனுப்பினால், தடைப்பட்டியலில் ஏறுவது ஆடிட்டர்தான். திரும்பி வரும் பவுன்ஸ் கடிதங்களும் அவர் தலையில்தான் விழும். ஐபி எண்ணையும் சேர்த்துப் பார்ப்பதே கிரேலிஸ்டிங்கின் பலம்.

பேண்ட்வித்தை மிச்சப்படுத்துவது சென்னைக்குப் பெரிய விஷயமாக இருந்தது; இங்கே மின்னஞ்சல் வளர்ந்தது மெல்லிய இணைப்புகளில். 1986-ல் தொடங்கிய கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டின் முதல் உறுப்பினர்களில் அடையாறையொட்டிய ஐஐடி மெட்ராஸும் ஒன்று; பொதுமக்களுக்கான இணையத்தை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டயல்-அப் காலத்தில் குப்பைக் கடிதத்தை இறக்கும் நேரத்துக்கும் பெறுபவரே காசு கொடுத்தார். வளரும் நாடுகளுக்கு ஸ்பேம் தரும் கூடுதல் சுமையை, சென்னையிலிருந்து ஸ்பேம் எதிர்ப்பில் உழைத்த சுரேஷ் ராமசுப்பிரமணியன் 2005-ல் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடிக்கு எழுதிய அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தார்.

கிரேலிஸ்டிங்கில் குறைகளும் உண்டு. சில நிமிடங்களில் காலாவதியாகும் ஓடிபி தாமதப்பட்டால் பயனில்லை. ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் மறுமுயற்சியை வேறு ஐபியிலிருந்து செய்யக்கூடும். அதனால் ஐபி எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டும் ஒப்பிடுவது வழக்கமாயிற்று. ஸ்பேமர்களும் மறுபடி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று முதல் காவல், அனுப்புநரின் டொமைன் உண்மையா என்று சோதிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகியவை. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றையும் கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. சொந்த டொமைனில் அஞ்சல் அனுப்பும் தி. நகர் கடைக்காரரும் இவற்றை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய பில்லே வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடும்.